நேற்றைய அளவு

கதிரியக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியது எதுவும் இல்லை. நீங்கள் எழுதித் தேறிய பரீட்சைகளில் பாதி என் காலத்தில் கிடையாது. தூரம், நேரம், கவசம் மூன்றையும் என்னைவிட வேகமாகவே கணக்குப் போடுவீர்கள். அதனால் நான் செய்த ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையில் இருபத்தேழு ஆண்டுகள் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். அனுபவம் போதாமல் செய்த பிழை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அப்போது ஓய்வுபெற நான்கு ஆண்டுகள்தான் பாக்கி.

அவர் பெயரை மாற்றிச் சொல்கிறேன். மகாலிங்கம். வயது ஐம்பத்து நான்கு. நிபோங் திபாலுக்குப் பக்கத்திலிருந்து தினமும் ஆள்களை ஏற்றிக்கொண்டு புக்கிட் தெங்காவுக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸின் ஓட்டுநர். தைராய்டில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிட்டார்கள். எஞ்சியிருக்கும் செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுப்போம். மாத்திரை ஒன்றுதான். ஆனால் அதை விழுங்கியவரின் உடலே சில நாள்களுக்குக் கதிர் வீசும். வியர்வை, எச்சில், சிறுநீர் எல்லாவற்றிலும் அது இருக்கும். அதனால் ஈயக் கதவு போட்ட தனியறையில் ஆளை வைத்துவிட்டு, கேமராவிலும் தொலைபேசியிலும்தான் பார்த்துப் பேசுவோம்.

மகாலிங்கத்துக்குத் தனிமை ஒத்துவரவில்லை. முதல் நாளே என் மேசைக்குப் போன் போட்டார்.

"மிஸ், பஸ்ஸுல நாப்பது பேரோட பேசிட்டே ஓட்டிப் பழகினவன் நான். இங்க செவுரு மட்டும்தான் இருக்கு. அதுவும் பதில் பேச மாட்டேங்குது."

"தண்ணி நிறையக் குடிங்கண்ணே. எவ்வளவு குடிக்கிறீங்களோ அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்."

"குடிச்சு குடிச்சு வயிறு ட்ரம் மாதிரி ஆயிடுச்சு. மத்தவங்க நம்மள ஏத்திட்டுப் போறது எவ்ளோ கஷ்டம்னு இப்பத்தான் தெரியுது."

அவர் மனைவி வாசுகி, புக்கிட் தெங்காவில் மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்ததும் பாலம் கடந்து தீவுக்கு வந்து, நடைபாதையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியில் அவரோடு பேசுவார். நடுவில் இரண்டு சுவரும் ஓர் ஈயக் கதவும். பேச்செல்லாம் சாதாரணப் பேச்சுத்தான். மோட்டர் தண்ணீர் ஏற்றவில்லை, மகளுக்குப் புளிப்பாகச் சாப்பிடத் தோன்றுகிறது, எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது. மகள் தர்ஷினி அப்போது ஐந்து மாத கர்ப்பிணி. தலைப்பிள்ளை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு நான் அவரை அளக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் மதியம் வீட்டுக்குப் போகலாம்.

எட்டு இருபதுக்கு வார்டில் மணி அடித்தது. திரையைப் பார்த்தேன். மகாலிங்கம் கட்டிலுக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தார். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இளம் டாக்டர் ஒருவரும் சிஸ்டர் லிம்மும் ஈயக் கதவை இழுத்துத் திறந்துவிட்டு, வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

"உள்ள போலாமா மிஸ்?"

"போங்க. இப்பவே போங்க."

மீட்டரைக்கூட நான் நீட்டவில்லை. அந்த நேரத்தில் நீங்களும் நீட்டாதீர்கள். சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்பதால் அவர்களுக்குப் பெரிதாக எதுவும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அவருக்கோ அந்த நிமிடங்கள்தான் எல்லாமும். நாற்பது நிமிடம் மாறி மாறி நெஞ்சை அழுத்தினார்கள். இதயம் திரும்பவில்லை. புற்றுநோயோ அயோடினோ காரணமில்லை, மாரடைப்பு என்று டாக்டர் பிறகு எழுதினார்.

அதுவரை நான் செய்தது சரி. இனிதான் பிழை.

வெளியே வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி அளந்தேன். செருப்பு, கை, டாக்டரின் ஸ்டெதஸ்கோப், தள்ளுவண்டியின் சக்கரம் வரை. பிறகு அலமாரியிலிருந்து பாதுகாப்பு விதிகள் உள்ள கோப்பை எடுத்தேன். சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. நானே பல வருடங்களுக்கு முன்னால் எழுதியது, ஒருமுறைகூடப் பயன்படுத்தாதது. இரட்டைப் பிளாஸ்டிக் உறை. மஞ்சள் எச்சரிக்கைச் சின்னம். குளிப்பாட்டக் கூடாது. குடும்பத்தார் தொடக் கூடாது.

அதில் இருந்தபடியே செய்தேன். பயம்தான் காரணம். பத்திரிகைக்காரர்கள் என்ன எழுதுவார்கள், மருத்துவமனையின் உரிமம் என்ன ஆகும் என்று மனம் எங்கெங்கோ ஓடியது. பிணவறைக்குக் கொண்டுபோகும்போது உறையின் மார்புப் பக்கத்தில் மஞ்சள் சின்னத்தை என் கையாலேயே ஒட்டினேன். பிணவறையின் வாசலிலும் ஒன்று.

வாசுகி பதினொரு மணிக்கு வந்தார். கணவரை அழைத்துப் போவதற்காக அன்றைக்கு லீவு எடுத்திருந்தார். பாலத்தின் மேல் காரில் வரும்போதுதான் டாக்டர் போனில் சொல்லியிருக்கிறார். தர்ஷினியும் மகாலிங்கத்தின் அண்ணனும் கூட வந்திருந்தார்கள். பிணவறைக்கு வெளியே இருக்கும் சின்ன அறையில் அவர்களை உட்கார வைத்து, கோப்பில் உள்ளதை மெதுவாகச் சொன்னேன். என் குரல் மென்மையாகத்தான் இருந்தது. சொன்ன விஷயம் கல்.

அண்ணன் கண்ணாடிவழியே அந்த மஞ்சள் சின்னத்தைப் பார்த்தார். பார்த்த உடனே இரண்டடி பின்னால் நகர்ந்தார். தான் நகர்ந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. வாசுகி அதைக் கவனித்துவிட்டார்.

"தொற்று வியாதியா மிஸ்?" என்று அண்ணன் கேட்டார்.

"இல்லைங்க. இது வேற."

"அப்புறம் ஏன் தொடக் கூடாதுன்னு சொல்றீங்க?"

நான் விதி, பாதுகாப்பு, அளவு என்று ஏதோ சொன்னேன். வாசுகி அழவில்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. கணவர் போட்டுக்கொண்டு வருவதற்காகக் கொண்டுவந்த சட்டை. பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கக்கா."

"நான் ஃபேக்டரில கியூசி. இருபத்திரண்டு வருஷமா லைன்ல வர்ற சாமான செக் பண்றேன். அளக்காம ரிஜெக்ட் போட்டா எங்க சூப்பர்வைசர் விட மாட்டாரு. இவர நீங்க அளந்தீங்களா?"

"நேத்து காலைல அளந்தோம்கா."

"நேத்து அவரு உயிரோட இருந்தாரு மிஸ். இன்னைக்கு அளந்தீங்களா?"

தள்ளுவண்டியின் சக்கரத்தை அளந்திருந்தேன். மகாலிங்கத்தை அளக்கவில்லை. உயிருக்காக ஈயக் கதவைத் திறந்துவிட எனக்கு ஒரு நொடிதான் ஆனது. உயிர் போனதும் கோப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். இருபது வருடத்துக்கு மேல் மீட்டரும் கையுமாக இருந்தவள், ஒருவருக்கு முடியாது என்று சொல்வதற்கு முன் அதை எடுக்கவில்லை.

"இல்லைக்கா. அளக்கல. எனக்கு அரை மணி நேரம் குடுங்க," என்றேன்.

பிணவறையைப் பார்த்துக்கொண்டவர் பாக் டின் என்ற மலாய்க்காரர். எத்தனையோ வருடமாக அங்கே இருப்பவர், எதற்கும் அசராதவர். அன்றைக்கு மட்டும் வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தார். "எல்லா வியாதியும் பாத்திருக்கேன் லா. இது கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. அதான்," என்று மலாயில் சொன்னார். காலையிலேயே அவரிடம் நின்று விளக்கியிருக்க வேண்டும். அதையும் நான் செய்யவில்லை. உடலில் படும் கதிரைக் கணக்கெடுக்கும் பேட்ஜ் ஒன்றை அவருக்குப் போட்டுவிட்டு, மீட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். கதவருகில், இரண்டடி உள்ளே, கட்டிலருகில் என்று சேர்ந்தே நடந்தோம். முள் நகர்வதை அவரே பார்த்தார். கட்டிலருகில் நின்றபோது, "இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான். முந்தின நாள் காலையில் இருந்ததில் பாதிகூட இல்லை. நான் சொன்னேன் என்பதற்காக அந்த மனிதர் ராத்திரியெல்லாம் தண்ணீர் குடித்திருக்கிறார். வீட்டுக்குப் போகத் தன்னால் ஆனதையெல்லாம் செய்திருக்கிறார்.

அங்கேயே சுவரில் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் எத்தனை நிமிடம் நிற்கலாம், எத்தனை அடி தள்ளி நின்றால் எவ்வளவு நேரம் இருக்கலாம். நிர்வாகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, "கோப்பில் உள்ளபடியே அனுப்பிவிடலாமே, ஏதாவது ஆனால் யார் கையெழுத்துப் போடுவது?" என்று கேட்டார். நான்தான் போடுவேன் என்றேன். உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் போன் செய்து, அன்றைய அளவைச் சொல்லி, நான் செய்ய நினைப்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். தகனத்துக்கும் அந்த அளவில் தடையில்லை, மின்சுடலையில் வேலை செய்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், சாம்பலையும் அளங்கள் என்றார்கள். அவ்வளவு எளிதாக முடிந்த விஷயத்துக்கா காலையில் அப்படி நடுங்கினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மார்பில் ஒட்டியிருந்த சின்னத்தை எடுத்தேன். வாசலில் இருந்ததை ஊழியர்கள் வரும் பின்கதவுக்கு மாற்றினேன். குடும்பத்தார் வரும் கதவில் நானே நின்றேன். எச்சரிக்கை வேண்டிய இடத்தில் ஓர் ஆள் நின்றால் போதும், அவரால் பேசவும் முடியும். உறையை முகம் வரைக்கும் விலக்கினோம். யார் எங்கே நிற்கலாம் என்று காட்ட, தரையில் வாசலருகிலும் கட்டிலருகிலும் டேப் ஒட்டினேன்.

திரும்பி வந்து வாசுகியின் முன்னால் உட்கார்ந்தேன்.

"அக்கா, காலைல நான் சொன்னது தப்பு. அளந்துட்டேன். நீங்க உள்ள போலாம். பதினஞ்சு நிமிஷம் பக்கத்துல நிக்கலாம். கையுறை, ஏப்ரன் போட்டுக்கணும். முகம் துடைக்கலாம், திருநீறு வைக்கலாம், வாய்க்கரிசி போடலாம். முழுசாக் குளிப்பாட்ட மட்டும் முடியாது. தண்ணி எங்க போகுதுன்னு என்னால பாத்துக்க முடியாது."

அவர் தலையசைத்தார். தர்ஷினி எழுந்து நின்றாள்.

"நான்?"

மாசமாக இருக்கும் பெண் பிணத்தருகே வரக்கூடாது என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அவர் காரணம், எனக்கு என் காரணம். அவளுக்கு மட்டும் அங்கே இருப்பது அப்பா. மீட்டரை அவளிடம் கொடுத்து வாசல் வரைக்கும் கூட்டிப் போனேன். முதல் டேப் அங்கேதான் இருந்தது.

"இங்க நில்லும்மா. முள்ளப் பாரு. இந்த இடத்துல நீ எவ்வளவு நேரம் நின்னாலும் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. இதத் தாண்டிப் போகாத. போனா உடனே ஏதோ ஆயிடும்னு சொல்லல. பாப்பா சின்னது, அதுக்குத் தேவையில்லாதது எதுவும் வேணாம்."

அவள் முள்ளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு டேப்புக்குப் பின்னால் கால்களைச் சேர்த்து வைத்து நின்றாள். அங்கிருந்து அவளுக்கு அப்பாவின் முகம் தெரிந்தது.

யாரும் உள்ளே நகரவில்லை. அண்ணன் சுவரோடு நின்றார். வாசுகிக்குக் கால் வரவில்லை. நான் காலையில் ஒட்டிய சின்னம் இன்னும் அவர்கள் கண்ணுக்குள் இருந்தது. அதனால் நான் முதலில் போனேன். கையுறை போட்ட கையை மகாலிங்கத்தின் தோளில் வைத்து, "அண்ணே, வாசுகியக்கா வந்திருக்காங்க," என்றேன். அத்தனை வருட வேலையில் இறந்தவரோடு நான் பேசியது அதுதான் முதல் முறை. வாசுகி வந்தார்.

ஈரத்துணியால் நெற்றி, கன்னம், காதின் பின்பக்கம் என்று துடைத்தார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத தாடியைத் தடவி, "ஒரு நாள்கூட இப்படி இருக்க மாட்டாரு," என்று யாரிடமோ சொன்னார். பாக் டின் கேட்காமலேயே சின்ன ஸ்டீல் கிண்ணத்தில் புதுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். திருநீறு வைத்தார்கள். அண்ணனும் வந்தார், வாய்க்கரிசி போட்டார். போட்டதும் குழந்தை மாதிரி அழுதார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் வேலை. ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

அப்போது வாசுகி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கையுறையோட தொட்டா, அவரத் தொட்ட மாதிரியே இல்ல மிஸ்."

என்ன செய்வது என்று எந்தக் கோப்பிலும் இல்லை. நெற்றியில் திருநீறு இல்லாத ஓரத்தை மீண்டும் ஒருமுறை புதுத் துணியால் துடைத்தேன். அந்தத் துணியை மீட்டரில் அளந்து பார்த்தேன். முள் அசைந்தது, கொஞ்சமாகத்தான். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும் அளவு. கழுவியதும் கையை அளந்து பார்க்கவும் நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

"ஒரு கை மட்டும்கா. நெத்தில மட்டும். பிறகு என்கூட வந்து கை கழுவணும்."

அவர் வலது கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைக் கணவரின் நெற்றியில் வைத்தார். காய்ச்சல் பார்ப்பதுபோலத்தான் வைத்தார்.

வாசலிலிருந்து தர்ஷினி, "அம்மா, எனக்கும் சேத்துத் தொடும்மா," என்றாள்.

வாசுகி கையை எடுத்து மறுபடியும் வைத்தார். இந்த முறை கை தலைமுடிக்குள் போனது. நெற்றி மட்டும் என்று நான் சொல்லியிருந்தேன். தடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் நடந்ததை எல்லாம் கோப்பில் எழுதினேன். நிமிடம், தூரம், கழற்றிய கையுறை, கழுவிய பிறகு கையில் ஒன்றுமில்லை என்ற அளவு, தலைமுடி உட்பட. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். மனம் இளகி ஒன்றைச் செய்தால் அதை மறைக்காதீர்கள். மறைத்தால் அடுத்து வருபவருக்கு அது பயன்படாது. அந்தப் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். 'முதலில் அளக்கவும்' என்று தொடங்கும். உங்கள் அலமாரியில் இப்போது இருப்பது அதுதான்.

மறுநாள் தகனம். மின்சுடலையில் வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே போய்ப் பேசினேன். முகமூடி, கையுறை கொடுத்தேன், அடுப்பு நன்றாக ஆறும்வரைக்கும் திறக்க வேண்டாம் என்றேன். அயோடின் பெரும்பாலும் தீயிலேயே போய்விடும். சாம்பலை அளந்தபோது சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம்தான் கூட இருந்தது. அப்படியே கொடுத்திருக்கலாம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்தக் கொஞ்சமும் தர்ஷினி இருக்கும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நினைத்தேன். நம் ஊரில் மறுநாளே கடலில் கரைத்துவிடுவது வழக்கம். வாசுகியிடம் கேட்டேன்.

"எட்டு நாளுக்கு ஒரு தடவ பாதியாக் கொறையும்கா. கொஞ்சம் பொறுத்துக்கிட்டா நல்லது."

அவர் விரல்விட்டு எண்ணினார். "பதினாறாம் நாள் கருமாதி. அன்னைக்குக் கரைச்சா?"

அயோடினின் கணக்கும் கருமாதியின் கணக்கும் ஒன்றாக வந்து நின்றன. அன்றைக்குக் கரைக்கலாம் என்றேன்.

மண்கலயத்தில் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையில் இறுக்கமான மூடி போட்ட பித்தளைச் செம்பு வாங்கினேன். கதிரியக்கக் கழிவுகளைத் தணியும்வரை வைத்திருக்கும் கிடங்கு உங்களுக்குத் தெரியும். அங்கேதான் வைத்தேன். அங்கே எல்லாவற்றுக்கும் எண்ணும் தேதியும் எழுதிய சீட்டுத்தான். அந்தச் செம்பில் மட்டும் 'திரு. மகாலிங்கம்' என்று எழுதினேன். கழிவுகளோடு சேர்க்காமல் மேல்தட்டைக் காலி செய்து, அதில் தனியாக வைத்தேன்.

பதினைந்தாம் நாள் வாசுகியும் தர்ஷினியும் வந்தார்கள். சாம்பலுக்கும் பக்கத்து மேசைக்கும் மீட்டரில் வித்தியாசமே இல்லை. கையெழுத்து எல்லாம் முடிந்தது. வாசுகி கிடங்கின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். ஜன்னல் இல்லாத அறை, ஈயப் பெட்டிகள், ஒரு குழல் விளக்கு.

"இத்தன நாளும் இங்க தனியாவா இருந்தாரு மிஸ்?"

பேச்சுத் துணை இல்லாமல் இருக்க முடியாதவர் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"தினமும் காலைல கதவத் திறந்ததும் குட் மார்னிங் சொல்லுவேன்கா," என்றேன். உண்மைதான். கிடங்கில் கூட வேலை செய்த பையன்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

வாசுகி சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "அவரு பதில் சொல்லியிருப்பாரு. உங்களுக்குக் கேட்டிருக்காது," என்றார்.

செம்பை எடுக்க வாசுகி கையை நீட்டுவதற்குள் தர்ஷினி முன்னால் வந்துவிட்டாள். இரண்டு கையாலும் வாங்கி, வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பழக்கத்தில் என் கை அவளைத் தடுக்க எழுந்தது. பாதியிலேயே அதை இறக்கிக்கொண்டேன். அன்றைக்கு அவளை எட்டி நிற்கச் சொல்ல என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.